அழகாகத் தெரிந்தால் போதுமா?

தைப்பூசத்திற்கு முந்திய நாள், பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும். ஜோர்ஜ்டவுனின் பல சாலைகளைக் கடந்து, டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலையை நோக்கி அது மெல்ல ஊர்ந்து செல்லும். வழிநெடுகத் தேங்காய்களைக் குவித்து வைத்துக்கொண்டு மக்கள் காத்திருப்பர். அந்நாளில் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் குடியிருப்போர் தெரிந்துகொள்ள விரும்புவன இரண்டே செய்திகள்தாம். இரதம் நம் பக்கம் எத்தனை மணிக்கு வரும்? எந்தெந்தச் சாலைகள் எப்போது மூடப்படும்?

இத்தகைய அறிவிப்புகள் இக்காலத்தில் பெரும்பாலும் ஒரு படமாகவே நம்மை வந்தடைகின்றன. மயில், வேல், தோரணம் சூழ, நடுவில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு அழகுதான். ஆயினும், அந்தப் படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி எழுத்துகளாக அறிவதில்லை. அதன் கணக்கில் அவை வண்ணப் புள்ளிகள் மட்டுமே. அந்தப் படம் ஓர் அகப்பக்கத்தில் ஏற்றப்பட்டால், “டத்தோ கிராமாட்” என்று தேடுபொறியில் தட்டச்சு செய்பவருக்கு அது கிட்டாமல் போகலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விரும்பும் பாட்டி இரு விரல்களால் படத்தை விரித்தால், பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். பார்வையற்ற ஒருவரின் திறன்பேசியிலுள்ள திரைவாசிப்பான் “படம்” என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். சாலை மூடப்படுவதை எல்லாரையும்விட முன்னதாக அறிந்திருக்க வேண்டியவர் அவர்தாம். அறியாமல் போகிறவரும் அவரே.

பினாங்கில் இதைப் பேசுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பார்வையற்றோருக்காகப் பணியாற்றும் செயின்ட் நிக்கலஸ் இல்லம் இத்தீவில்தான் இருக்கிறது. 1926ஆம் ஆண்டில் மலாக்காவில் தொடங்கப்பட்டுப் பின்னர் பினாங்குக்கு இடம்பெயர்ந்த இல்லம் அது. விரல் நுனியால் பிரெயில் எழுத்துகளைத் தடவிப் படிக்கும் பழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று. இன்று அவ்விரல்கள் கணினி விசைகளையும் திறன்பேசித் திரையையும் தொடுகின்றன. அவற்றுக்கு ஏற்ற பக்கங்களை நாம் எழுதுகிறோமா என்பதே என் வினா. பெரும்பாலும் எழுதுவதில்லை என்பது என் கருத்து. அதற்குக் காரணம் வசதியின்மை என்று நான் நினைக்கவில்லை. எழுத்தின் தோற்றத்தையும் எழுத்தின் பொருளையும் நாம் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறோம்.

இதனைத் திருக்குறளைக் கொண்டு விளக்கலாம். அந்நூலில் மூன்று பால்கள், 133 அதிகாரங்கள், 1330 குறள்கள் உள்ளன. அச்சிட்ட நூலில் பாலின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதிகாரத்தின் பெயர் அதைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். குறள் அதனினும் சிறிய எழுத்தில் அமையும். கண்ணால் பார்ப்பவர் எழுத்தின் அளவைக் கொண்டே நூலின் அமைப்பை உணர்ந்துகொள்கிறார். கணினிக்குக் கண் இல்லை. “இது பாலின் தலைப்பு, இது அதன்கீழ் வரும் அதிகாரத் தலைப்பு, இது குறள்” என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அகப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் இதற்கென்றே குறிகள் உள்ளன. முதல்நிலைத் தலைப்புக்கு எச்1, இரண்டாம் நிலைக்கு எச்2 என்று ஆறு நிலைகள் உண்டு. பத்திக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, மேற்கோளுக்கு ஒரு குறி, அட்டவணைக்கு ஒரு குறி எனப் பலவும் உள்ளன. ஒரு பகுதி எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லாமல், அது என்ன என்று சொல்லும் இம்முறையைப் பொருள்சார் குறியிடல் என்கிறோம்.

மாறாக, தலைப்பைத் தடித்த பெரிய எழுத்தாக மட்டும் மாற்றிவிட்டு, தலைப்பு என்று குறிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால், 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர், எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வார்கள். நாம் பக்கத்தைப் புரட்டி அதிகாரம் தேடுவது போன்ற செயல் அது. தலைப்புக் குறி இல்லாத பக்கத்தில் அவ்விசை பயன்படாது. 1330 குறள்களையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

மாணவர்களாகிய நீங்களும் இதை நாள்தோறும் செய்கிறீர்கள். பள்ளி ஆய்வேட்டைக் கணினியில் தயாரிக்கும்போது, தலைப்பைத் தேர்ந்தெடுத்து எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விடுகிறீர்கள். மென்பொருளில் தலைப்புக்கென்று தனிப் பாணி இருப்பதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடைசி நேரத்தில் பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்து, பக்க எண்கள் மாறிப்போய்த் திண்டாடுவது அதன் விளைவு.

பொருளைக் குறிக்காமல் எழுதினால் என்ன நேரும் என்பதைத் தமிழர் நன்கறிவர். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. உரையுடன் எழுதப்பட்ட சுவடியில், மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரையாசிரியர் பிற நூலிலிருந்து எடுத்துக்காட்டும் வரி எது என்பனவும் எளிதில் விளங்கா. ஏடு எழுதியவருக்கு அவை தெரிந்திருக்கும். அவரோடு அமர்ந்து பாடம் கேட்டவருக்கும் தெரிந்திருக்கும். அந்த வழிமுறை அறுந்த பின்னர் வந்தவர்களுக்கு அது பெரும் புதிராயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அப்புதிரை அவிழ்ப்பதற்கே பல்லாண்டுகள் உழைத்தார். மூலத்தை ஓரிடத்திலும் உரையை வேறிடத்திலும் பிரித்து வைத்தார். மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை எனத் தேடிக் கண்டறிந்தார். முகவுரை, அரும்பத அகராதி முதலியவற்றைச் சேர்த்தார். அவர் செய்த பணியில் பெரும்பகுதி, எழுதியவர்கள் குறிக்காமல் விட்டதைப் பின்னால் வந்த ஒருவர் குறித்துக் கொடுத்ததே என்பேன். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் உ.வே.சா. கிடைக்க மாட்டார்.

இணையத்திலும் தமிழ் இதே இடரைச் சந்தித்தது. அக்கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். அக்காலத்தில் பலரும் தத்தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தனர். அவ்வெழுத்துருக்கள் பலவற்றின் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தப்பட்டிருந்தது. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் “அம்மா” என்று திரையில் தெரியும். கணினியின் நினைவகத்திலோ எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பனவே இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கத்தைத் திறந்தால், அம்மாவைக் காணோம். ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் எஞ்சும். அதைத் தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது, குரலாக மாற்றவும் முடியாது. தமிழாகத் தெரிந்ததே தவிர, அது தமிழாக இல்லை.

இச்சிக்கலைத் தீர்க்கத் தமிழர் நாடு கடந்து கூடிப் பேசினர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் நடந்தன. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அடுத்த ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கியது. அந்நூல்கள் ஒரு காலத்தில் திஸ்கி குறியீட்டில் இருந்தன. ஒருங்குறி பரவியபோது அதற்கு மாற்றப்பட்டன. ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தும், தமிழ்நாட்டரசு அதை முறையாக ஏற்றது 2010இல்தான். தரநிலை ஒன்று எழுதப்படுவதற்கும் அது வழக்கில் நிலைபெறுவதற்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்துவிடுகிறது. ஆயினும், அந்த உழைப்பால்தான் இன்று நீங்கள் எந்தத் திறன்பேசியில் எழுதினாலும் தமிழ் தமிழாகவே போய்ச் சேர்கிறது.

எழுத்து அளவில் வென்ற நாம், பக்க அளவில் மீண்டும் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எழுத்துகளைப் படமாக மாற்றிப் பரப்பினால், எழுத்துருச் சண்டைக் காலத்துக்கே திரும்பிவிடுகிறோம் அல்லவா? இப்போது அவை ஆங்கில எழுத்துகளாகக்கூட இல்லை, புள்ளிகளாகிவிட்டன.

தரநிலை என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் கட்டுப்பாடு என்று தோன்றும். ஜோர்ஜ்டவுனின் அஞ்சடியை நினைத்துப் பாருங்கள். கடைவீட்டின் முன்னே ஐந்தடி அகலத்திற்குக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்னும் விதி, 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்றது. பின்னர் அவ்வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. கடைக்காரர் சுவருக்கு எந்த வண்ணமும் பூசலாம், எந்த மொழியிலும் பெயர்ப்பலகை மாட்டலாம். நடைபாதையை மட்டும் ஒரே ஒழுங்கில் விட வேண்டும். அதனால்தான் வெயிலிலும் மழையிலும் நனையாமல், வாடாமல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க முடிந்தது. யாரேனும் ஒருவர் அஞ்சடியில் பெட்டிகளை அடுக்கிவிட்டால், நடப்பவர் வாகனங்களுக்கு நடுவே இறங்க வேண்டும். இளைஞர் தாவி இறங்கிவிடுவார். சக்கர நாற்காலியில் வருபவர் என் செய்வார்?

இணையத்தின் அஞ்சடியை 1994 முதல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்து வருகிறது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய அமைப்பு அது. 1990களில் உலாவி நிறுவனங்கள் தத்தம் விருப்பம்போல் புதுப்புதுக் குறிகளைச் சேர்த்தன. “இந்த உலாவியில் மட்டுமே பார்க்கவும்” என்று தளங்களின் முகப்பிலேயே எழுதி வைத்த காலமும் உண்டு. அக்குழப்பத்திற்கிடையே கூட்டமைப்பு ஒரு தெளிவான பிரிவினையைச் செய்தது. பொருளை எச்.டி.எம்.எல். சொல்லட்டும், வண்ணம், அளவு, இடம் முதலிய அழகுகளைச் சி.எஸ்.எஸ். என்னும் நடைதாள் சொல்லட்டும் என்றது. 1996இல் நடைதாள் தரநிலையாயிற்று. 1999இல் மாற்றுத் திறனாளிகளும் அணுகத்தக்க பக்கங்களை எழுதுவதற்கான வழிகாட்டி வெளிவந்தது. 2014இல் நிறைவுற்ற ஐந்தாம் பதிப்புக் குறிமொழி, தலைப்பகுதி, வழிசெலுத்தும் பகுதி, முதன்மைப் பகுதி, கட்டுரை, அடிப்பகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களையும் தந்துவிட்டது.

இதற்கு மறுப்புச் சொல்வோர் முதலில் எடுப்பது அழகு என்னும் வாதத்தை. தரநிலைப்படி எழுதினால் பக்கம் வறண்டு போகும் என்பர். 2003இல் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே என்னும் வடிவமைப்பாளர் இதற்கு விடையளித்துவிட்டார். சி.எஸ்.எஸ். சென் கார்டன் என்ற தளத்தைத் தொடங்கி, ஒரே ஒரு எச்.டி.எம்.எல். பக்கத்தை அனைவருக்கும் கொடுத்தார். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் நடைதாளை மட்டும் மாற்றி அனுப்புங்கள் என்றார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த வடிவங்கள் ஒன்றையொன்று சிறிதும் ஒத்திருக்கவில்லை. கடல், காடு, ஓவியம் எனப் பலவாறு தோன்றிய அவை அனைத்துக்கும் உள்ளே இருந்தது ஒரே உரை.

இரண்டாவது வாதம் செலவு. சிட்னி ஒலிம்பிக் போட்டியின்போது இது வழக்காகவே வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவாயர், போட்டியின் அதிகாரத்துவ இணையத்தளத்தைப் பயன்படுத்த இயலவில்லை என்று 1999இல் புகார் செய்தார். படங்களுக்கு மாற்றுரை இல்லை; விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல அவருக்கு வழியில்லை; முடிவுகள் அடங்கிய அட்டவணைகளும் எட்டவில்லை. திருத்துவதற்கு மிகுந்த பணமும் நாளும் பிடிக்கும் என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையம் அதனை ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் மகுவாயருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குழு அதனை முழுமையாக நிறைவேற்றாததால், 20,000 ஆஸ்திரேலிய வெள்ளி அவருக்கு வழங்க நேர்ந்தது. தொடக்கத்திலேயே மாற்றுரை எழுதியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்துக் கதவு வைப்பதற்குத்தான் செலவு அதிகம்.

படத்தைவிட எழுத்து மலிவானது என்பதையும் மறக்கலாகாது. ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீட்டைச் சேமிக்கப் பொதுவாக 3 பைட் தேவை. 2,000 குறியீடுகள் கொண்ட ஓர் அறிவிப்பு 6,000 பைட்டில் அடங்கிவிடும். அதையே வண்ணப் படமாக்கினால் பல நூறாயிரம் பைட் ஆகிவிடுவது வழக்கம். இணையத் தரவுக்குக் கணக்குப் பார்த்துச் செலவிடும் குடும்பங்களுக்கு இது சிறு வேறுபாடு அன்று.

மூன்றாவதாக, இக்கால இளையோர் சொல்வது ஒன்றுண்டு. “செயற்கை நுண்ணறிவே படத்திலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லிவிடுகிறதே! இன்னும் எதற்கு இந்தக் குறிகள்?” இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அத்தொழில்நுட்பம் பலருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஆயினும், அது செய்வது ஊகம். பூவேலைப்பாட்டின் மேல் எழுதிய 3 மணியை 8 மணி என்று அது படித்துவிட்டால், கேட்பவருக்குப் பிழை என்று தெரிய வழியில்லை. எழுதியவருக்கோ அது 3 மணி என்பது திண்ணமாகத் தெரியும். தெரிந்த ஒன்றை மறைத்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஓர் இயந்திரத்தை ஏவுவது எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பிறரைப் போலவே அணுகும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. 2010இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் உறுதிப்படுத்தியது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். பாடத்திட்டப் பணியில் இருப்பவள் என்ற முறையில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இது கணினிப் பாடத்தோடு முடிந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் கருத்தில், இதில் பாதிக்கு மேல் தமிழ்ப் பாடத்தைச் சேர்ந்தது.

இணைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். “இங்கே சொடுக்கவும்” என்று எழுதுவது பலரின் வழக்கம். திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தனியே பட்டியலிட்டுக் கேட்பதுண்டு. “இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்” என்று பத்து முறை கேட்டால் அவருக்கு என்ன விளங்கும்? “டத்தோ கிராமாட் சாலை மூடப்படும் நேரம்” என்று எழுதினால் ஒரே முறையில் விளங்கும். இது நிரலாக்கத் திறன் அன்று. தமிழில் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதும் திறன். தலைப்பிடுவதும் அத்தகையதே. சுருக்கி வரைதல் பயிற்சியில் பத்திக்குத் தலைப்பிட நீங்கள் பழகியது இங்கே நேராகப் பயன்படும்.

மொழியைக் குறிப்பதும் அவ்வாறே. ஒவ்வொரு பக்கமும் தான் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று சொல்ல ஒரு பண்புக்கூறு உண்டு. தமிழுக்கு ‘டி.ஏ.’ என்னும் ஈரெழுத்துக் குறி. ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழ் எழுதுவோர் பலர் அதை மாற்ற மறந்துவிடுகின்றனர். அப்போது தமிழ்ப் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொள்கிறது. திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் அதைப் படிக்க முனைந்து தடுமாறும். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் நம் நாட்டில், எந்த வரி எந்த மொழி என்று குறிப்பது வேறெந்த நாட்டையும்விட இன்றியமையாதது. தமிழை எங்கும் காணோம் என்று குறைப்படும் நாம், நம் பக்கத்தையே தமிழ் என்று பதிவு செய்யாமல் விடலாமா?

மாற்றுரைதான் எல்லாவற்றிலும் கடினமானது. படத்தைக் காண இயலாதவருக்காக அதன்கீழ் மறைவாக எழுதப்படும் குறிப்பே மாற்றுரை. டத்தோ கிராமாட் சாலையில் வெள்ளி இரதம் நிற்கும் ஒளிப்படம் ஒன்று உங்கள் பள்ளியின் அகப்பக்கத்தில் இடம்பெறுவதாக வைத்துக்கொள்வோம். “படம்” என்று எழுதினால் பயனில்லை. அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். “இரதம்” என்பது போதாது. “மக்கள் சூழ டத்தோ கிராமாட் சாலையில் வெள்ளி இரதம்; சாலையோரத்தில் தேங்காய்கள் மலைபோல் குவிந்துள்ளன” என்று எழுதினால் விழாவைப் பற்றிய கட்டுரைக்கு அது பொருந்தும். அதே ஒளிப்படம் போக்குவரத்து அறிவிப்பில் வந்தால் தேங்காயைப் பற்றிய பேச்சே வேண்டா. இரதமும் கூட்டமும் சாலையின் எந்தப் பக்கத்தை அடைத்திருக்கின்றன, எந்தப் பக்கம் நடந்து செல்லலாம் என்பதை எழுத வேண்டும்.